நகப்பூச்சு பூசிய கோப்பை

கிசுமு,
9 பிப்ரவரி 1998

ஒடோங்கோ அம்மாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. என் வீட்டில் இன்று அது இல்லை. காரணம் நீங்கள். அதனால்தான் நேரில் வராமல் எழுதுகிறேன். நேரில் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. ஜைத்தூன் டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் பிரித்துப் படிக்கிறவள் அல்ல.

இன்று பள்ளியில் என் சமையல் முறை. கேழ்வரகும் மரவள்ளியும் கலந்த மாவு, விறகு எல்லாம் சரியாக இருந்தது. சர்க்கரை மட்டும் குறைவு. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். கஞ்சி கொதிக்கும்போது கோப்பைத் தொட்டியை இழுத்தேன். அந்தக் கோப்பைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. தகரப் பட்டறைக்காரர் பழைய எண்ணெய் டப்பாக்களை வெட்டிப் பிடி ஒட்டிக் கொடுத்தவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. எல்லாம் ஒரே தொட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துப் பிள்ளைகள் குடிக்கும். மீன்காரி பிள்ளை, சைக்கிள்காரர் பிள்ளை, நூபியர் வீட்டுப் பிள்ளை, சோமாலிக் கடைக்காரர் பிள்ளை, கண் தெரியாத ரெஹேமா, கழுத்து நிற்காத என் அக்கோத். ஒரே பாய், ஒரே தொட்டி. ஒஸியெப் பாலர் பள்ளியை ஆரம்பித்தபோது இதைச் சொல்லித்தானே வீடு வீடாகப் போனோம்? கதவைத் தட்டியது நான், பேசியது நீங்கள்.

இன்று ஒரு கோப்பையின் பிடியில் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. ஜுமா அம்மா பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜுமா அம்மா, கோப்பைக்குக் கல்யாணமா? மருதாணி வெச்சிருக்கு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு எதுக்கு வம்பு அக்கோத் அம்மா. தலைவியம்மாதான் பூசினாங்க. உங்க பொண்ணுக்கு இனிமே அதுலதான் ஊத்தணுமாம். கழுவுறதும் கடைசியாத்தான் கழுவணுமாம்."

"கடைசியான்னா?"

"எல்லாத்தையும் கழுவின தண்ணியில."

அந்தச் சிவப்பை எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். நேற்று ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்களில் பார்த்தேன். உங்கள் விரல்களில்.

என் மகளுக்கு எச்சில் வடியும். பிறந்ததிலிருந்து வடிகிறது. அது தொற்று நோய் இல்லை என்று மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் நம் கூட்டத்திலேயே வந்து சொன்னாள். நீங்கள்தான் அவளுக்கு நன்றி சொல்லி மாலை போட்டீர்கள். போன வருடம் பள்ளியில் அவள் உட்கார்ந்திருந்த மர நாற்காலி திருடு போனதிலிருந்து அக்கோத்தைத் தூணில் சாய்த்து, இடுப்பில் சுற்றும் லேசோத் துணியால் கட்டி உட்கார வைக்கிறோம். அதற்கு நான் ஒரு வார்த்தை முனகியதில்லை. ஆனால் ஊரார் பிள்ளைகள் குடித்த கோப்பைகளைக் கழுவிய அழுக்குத் தண்ணீரில் என் பிள்ளையின் கோப்பையா?

நீங்கள் துக்கம் பார்த்தவர். நக்கூருவிலிருந்து இங்கே குடிவந்த புதிதில் உங்கள் மூத்தவனுக்காக நாங்கள் எல்லாரும் உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து பாடினோம். அதன்பிறகு ஒருத்தியும் அவன் பேரை உங்கள் முன் எடுத்ததில்லை. இரட்டையரில் போனவனைப் பற்றிக் கேட்டால் இருப்பவனுக்கு ஆகாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் என் ஜெபத்தில் ஒபியோவை இன்றுவரை விட்டதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இன்னொருத்தி பிள்ளையின் கோப்பையில் சாயம் பூச மனது எப்படி வந்தது?

அந்தப் பூச்சு போகும்வரை அக்கோத் வரமாட்டாள். என் சமையல் முறைக்கு நான் வருவேன். அது பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை, உங்களுக்கு அல்ல.

இப்படிக்கு,
சலோமே அவினோ


ஒஸியெப் பாலர் பள்ளி, தாய்மார் குழு
தலைவி அலுவலகம்
13 பிப்ரவரி 1998

அன்புள்ள சகோதரி சலோமே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதன் தொனி வருத்தமளித்தாலும், ஒரு தாயின் உணர்ச்சியாக எடுத்துக்கொண்டு மன்னிக்கிறேன்.

மழைக்குப் பிறகு ஏரிக்கரையில் காலரா பரவியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்நிலையில் சில தாய்மார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை, பொதுக் கோப்பைகள் குறித்து என்னிடம் கவலை தெரிவித்தார்கள். தலைவி என்ற முறையில் அனைத்துக் குழந்தைகளின் நலனையும் நான் கருத வேண்டும். அடையாளம் வைத்தது சுகாதார ஏற்பாடு மட்டுமே. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. கழுவும் வரிசை பற்றி நான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்.

மார்ச் இருபதாம் தேதி திருமண்டலத்திலிருந்து பேராயரின் துணைவியாரும், நமக்கு உதவ முன்வந்துள்ள விருந்தினர்களும் பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள். கூரையும் கழிவறையும் அவர்கள் பார்ப்பதைப் பொறுத்தவை. எல்லா வகைக் குழந்தைகளும் ஒன்றாக அமரும் பள்ளி என்பதே நம் சிறப்பு. அன்று அக்கோத் கண்டிப்பாக வரவேண்டும். முன்வரிசையில் உட்கார வைக்க ஏற்பாடு செய்கிறேன். அவளுக்கு ஒரு மஞ்சள் கவுன் நானே தைக்கக் கொடுத்திருக்கிறேன். வாய் துடைக்க ஒருவரை அருகில் நிறுத்தலாம்.

இறுதியாக ஒன்று. என் வீட்டுத் துக்கத்தைத் தங்கள் பேனாவால் தொட வேண்டாம். தங்கள் ஜெபத்தில் யாரைச் சேர்ப்பது என்பது தங்கள் விருப்பம். என்னிடம் அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

தங்கள்,
திருமதி ஃபெலிஸ்டா ஓமொண்டி
தலைவி


கிசுமு,
23 பிப்ரவரி 1998

ஒடோங்கோ அம்மாவுக்கு,

மஞ்சள் கவுனை ஜைத்தூன் டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அழகான தையல். கழுத்துப்பட்டி அகலமாக வைத்திருக்கிறது, எச்சில் அதிலேயே இறங்கிவிடும், படத்தில் தெரியாது. தையல்காரனுக்கு அளவு சொன்னவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சுகாதாரம் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் நாம் எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். ஒரே கிண்ணம் வாய்க்கு வாய் வருகிறது. எனக்கு அடுத்து நீங்கள். நான் குடித்த கிண்ணத்தில் நீங்கள் குடிக்கிறீர்கள், என் உதட்டில் என் மகளை முத்தமிட்ட ஈரம் இருக்கிறது. அங்கே காலரா வராதா? இல்லை, கர்த்தருடைய பந்திக்கு ஒரு தண்ணீர், கர்த்தருடைய பிள்ளைகளுக்கு ஒரு தண்ணீரா? இந்த ஞாயிறு நீங்கள் இரண்டு பேரை முன்னால் விட்டு வரிசையில் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று வீடு திரும்பியதிலிருந்து மாவு சலித்துக்கொண்டே யோசித்தேன். எழுதுகிறேன்.

இன்று மறுபடியும் என் முறை. வீட்டில் யாருமில்லை, அதனால் அக்கோத்தை முதுகில் கட்டிக்கொண்டே வந்தேன். பாயில் உட்கார வைக்கவில்லை, சொன்னால் சொன்னதுதான். அடுப்படியில் என் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். பாயிலிருந்து பாட்டுச் சத்தம் வர, இவள் அந்தப் பக்கமே பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். நான் பானையைக் கிண்டியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்கள் ஒடோங்கோ எழுந்து வந்தான். அவனுடைய கோப்பையில் பாதிக் கஞ்சி இருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கோத்துக்குப் பின்னால் போய்க் கால் நீட்டி உட்கார்ந்து அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் கொடுத்தான், கட்டை விரலை உதட்டுக்குக் கீழே வைத்தான். ஒரு வாய் ஊற்றி, தாடையை மெல்ல மூடி, தொண்டையை மேலிருந்து கீழே தடவினான். காத்திருந்தான். பிறகு அடுத்த வாய். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு இதைப் பழக்கிக் கொடுக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. உங்கள் பிள்ளைக்கு இன்னும் பால் பல் விழவில்லை.

"யாருடா கண்ணு உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

"யாரும் இல்ல. ஓபிக்கு இப்படித்தானே குடுக்கணும்."

"ஓபியா?"

"அவனுக்கு இவ்ளோ தண்ணியா குடுத்தா இருமுவான் அத்தை. நீங்க கெட்டியாப் பண்ணுங்க. நேத்து பிரிஸ்கா அக்கா தண்ணியாப் பண்ணிட்டா, என் சட்டை பூரா துப்பிட்டான்." சிரித்தான். அப்புறம் ஏதோ நினைவு வந்தாற்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு பாய்க்கு ஓடிவிட்டான்.

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன், கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

பிரிஸ்கா உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். ஓபி யார்? ஒரு பூனைக்குட்டி என்று சொல்லுங்கள், நம்பிவிடுகிறேன். உண்மையாகவே நம்ப விரும்புகிறேன்.

சலோமே


26 பிப்ரவரி 1998

சலோமே,

ஐந்து வயதுப் பிள்ளையின் வாயைக் கிளறியிருக்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லை?

இரட்டையில் ஒன்றை இழந்த குழந்தை, போனவனைத் துணையாக வைத்துக்கொண்டு விளையாடும். படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், உனக்குச் சொன்னால் புரியாது. ஒடோங்கோ தலையணைக்குக்கூடக் கஞ்சி ஊட்டுவான்.

இதை வெளியே பேசினாய் என்று தெரிந்தால் தாய்மார் குழுவிலும் ஆலயச் சங்கத்திலும் உன் பெயர் இருக்காது. சமையல் முறையும் உனக்கு இனி வேண்டாம், ஜுமா அம்மா பார்த்துக்கொள்வாள். ஒடோங்கோவை உன் மகள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கண்டித்திருக்கிறேன். புரிகிற மாதிரிக் கண்டித்திருக்கிறேன்.

ஃபெலிஸ்டா ஓமொண்டி


கிசுமு,
6 மார்ச் 1998

ஒடோங்கோ அம்மாவுக்கு,

உங்கள் வீட்டுக்கு நேற்று நான் வந்தேன். பிரிஸ்கா சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டாலும் நானே சொல்கிறேன், திருட்டுத்தனம் எனக்குப் பழக்கமில்லை.

ஒடோங்கோ பள்ளியில் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் முழங்காலுக்குப் பின்னால் பிரம்புத் தடம் இருக்கிறது என்று ஜைத்தூன் சொன்னாள். ஸ்வெட்டரைக் கொடுக்கிற சாக்கில் நானும் அவளுமாக வந்தோம். நீங்கள் ஆலயத்தில் விருந்தினர் வரவேற்புக்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒடோங்கோதான் கேட்டைத் திறந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால், கரி மூட்டை அறைக்கு இழுத்துப் போனான். பிரிஸ்கா, "ஐயோ அத்தை, வேணாம், என் வேலை போயிடும்" என்று ஓடி வந்தாள். அதற்குள் அவன் எம்பித் தாழ்ப்பாளை நீக்கிவிட்டான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

நாற்றமடிக்கும் என்று நினைத்து லேசோ நுனியை மூக்குக்குக் கொண்டுபோனேன். நாற்றம் இல்லை. எண்ணெய் தேய்த்த உடம்பு. நகம் வெட்டியிருக்கிறது. ஒடோங்கோ போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை, அதே துணி. அதே முகம். ஜன்னலில் சிமென்ட் சாக்கு ஆணியடித்திருந்தது. வெளிச்சம் கதவு வழியாக உள்ளே வந்ததும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான்.

நாறியிருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. வறுமையில் நாறுகிற வீடுகள் ஆயிரம் பார்த்திருக்கிறேன், நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, முத்தம் கொடுத்துவிட்டு, வெளியே வந்து தாழ்ப்பாள் போடுகிற கை! அந்தக் கையை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

அவன் எதில் உட்கார்ந்திருந்தான் என்று எழுதவே எனக்குக் கூசுகிறது. பக்கவாட்டில் பலகை, நெஞ்சுக்குத் தோல் பட்டை, முன்னால் தட்டு வைக்க ஒரு மேடை. தச்சர் அக்கோத்துக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செய்துகொடுத்த நம் பள்ளி நாற்காலி. திருடு போன நாற்காலி! அது காணாமல் போன வாரம் நீங்கள் ஆலயத்தில் எழுந்து நின்றீர்கள். "ஊனப் பிள்ளைகளின் நாற்காலியைத் திருடியவன் மனம் திரும்பட்டும்" என்று கண்ணீரோடு ஜெபித்தீர்கள். நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

என் ஆமெனைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த ஏரிக்கரையில் ஒடோங்கோ என்று கூப்பிட்டாலே அவனுக்கு முன்னால் ஒபியோ ஒருத்தன் பிறந்திருக்கிறான் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவனைக் காணோம் என்றால் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வோம். கேட்பது பாவம் என்று எங்களுக்கு இருந்த கூச்சம்தான் உங்களுக்குச் சுவரானது. அதற்குப் பின்னால்தான் அவனை வைத்திருக்கிறீர்கள். எத்தனை மரியாதையான கூச்சம்! அதை நினைத்தால் எங்கள்மீதே எனக்குத் துப்பத் தோன்றுகிறது.

ஜைத்தூன் அழுதாள். நான் அழவில்லை. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது உங்கள் மிரட்டலுக்குப் பயந்து அல்ல. சங்கத்துப் பெண்கள் இதைச் சந்தையில் மீனோடு சேர்த்து விற்பார்கள், அந்தப் பிள்ளை ஒரு வேடிக்கையாகிவிடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் பாய்க்கு வரவேண்டும். அவனுக்கு ஐந்து வயது, பள்ளி உங்கள் வீட்டுப் பின்தெருவில் இருக்கிறது, தம்பி தினமும் போகிறான்.

சலோமே


11 மார்ச் 1998

சலோமே,

பிரிஸ்காவை ஊருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது பகலில் அவனை யார் பார்ப்பது என்று யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். நீ நியாயம் பேசிவிட்டுப் போய்விடுவாய், இடுப்பு வலி எனக்கு.

நான் அவன் செத்தான் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நன்றாக யோசித்துப் பார். நக்கூருவிலிருந்து சாமான் லாரியில் வந்தோம். அவனைக் கட்டில்களுக்கு நடுவே மெத்தையில் கிடத்திக் கொண்டுவந்தேன். அவனை யாரும் பார்க்காததால் மறுநாள் உங்களில் ஒருத்தி வந்து, "மூத்தவன் எங்கே?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த நாள் நீங்கள் எல்லாரும் மாவும் சர்க்கரையுமாக வந்து என் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீதான் முதல் பாட்டை எடுத்தாய். உனக்கு நல்ல குரல். உள்ளே அவன் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். வெளியே நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை பொய் இல்லை. அதற்குப் பிறகு எந்த நாளில், எந்த முகத்தோடு நான் கதவைத் திறந்திருக்க முடியும்? உங்கள் சர்க்கரையைத் தின்றாயிற்றே.

என் புருஷனின் அண்ணன் அவனைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இது நம்ம வித்து இல்ல." என் புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததும் இல்லை.

என் கையை நினைத்தால் உனக்குக் குமட்டுகிறது என்கிறாய். உன் மகளைப் பார்த்தால் எனக்கும்தான். ஆமாம், குமட்டுகிறது. விடிந்ததும் ஒரு வாயைத் துடைத்து, துணியை அலசி, கைகழுவிவிட்டுப் பள்ளிக்கு வந்தால், அங்கே தூணோரம் அதே வாய், அதே வாடை. எங்கே போனாலும் என்னை விட மாட்டேன் என்கிறது. நான் ஏன் நகத்துக்குப் பூசுகிறேன் என்று நினைக்கிறாய், அழகுக்கா? அந்தப் பூச்சின் நெடி இருந்தால் கையில் வேறு வாடை தெரியாது. உன் மகள் கோப்பையில் பூசியதும் அந்த வெறியில்தான்.

நீ அவளை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறாய். தக்காளிக்காரி உச்சுக்கொட்டுகிறாள். "சும்மா உச்சுக்கொட்டாதே, ரெண்டு கூடப் போடு" என்று நீ பேரம் பேசுகிறாய். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நீயும் சிரித்தாய். எப்படி உன்னால் முடிகிறது? அந்த ஒரு காரணத்துக்காகவே உன்னை எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்கவில்லை.

நாற்காலி இல்லாமல் அவன் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து விலா புண்ணாகிவிட்டது. அதனால் எடுத்தேன்.

இருபதாம் தேதி அவனைக் கூட்டி வருகிறேன். எல்லார் முன்னாலும். போதுமா உனக்கு?

ஃபெலிஸ்டா


கிசுமு,
25 மார்ச் 1998

ஒபியோ அம்மாவுக்கு,

மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித் தாயைக் கூப்பிடுவதுதான் நம் வழக்கம். இத்தனை காலம் தவறாகக் கூப்பிட்டுவிட்டேன். இனி இப்படித்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் இளகிப் போனேன் என்பதை மறைக்கவில்லை. அக்கோத்தைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தது அதனால்தான். உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வந்தேன். பாவி நான், எதைப் பார்க்க வந்தேன்!

தொட்டியைக் காணோம். தகரக் கோப்பைகளைச் சாக்கில் கட்டி விறகுக்குப் பின்னால் தள்ளியிருந்தீர்கள். ஆலயத்துப் பீங்கான் கோப்பைகள் வந்திருந்தன. பிள்ளைகள் அவற்றை உடைத்துவிடுவோமோ என்று நடுங்கி நடுங்கிக் குடித்தன. ஒபியோவுக்கு மாலுமி உடை, வெள்ளைக் காலுறை. நாற்காலிக்கு ரிப்பன் சுற்றி முன்வரிசையில் வைத்திருந்தீர்கள். பேராயரின் துணைவியார் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்தீர்கள். "இத்தனை நாள் இந்தச் சிலுவையை மறைவில் சுமந்தேன். உங்கள் பிள்ளைகளுக்காக உழைத்த தைரியத்தில் இன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்றீர்கள். சிலுவையாம்! அது உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா அழுதார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். சங்கத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளை அப்படியே விறைத்துப் போனான். முதுகு வில்லாக வளைந்தது, கை முறுக்கிக்கொண்டது, கண் மேலே போனது. நீங்கள் படம் பிடிக்கிறவர் பக்கம் திரும்பி நின்றிருந்தீர்கள். ஒடோங்கோதான் பாயிலிருந்து பாய்ந்து வந்து அண்ணன் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினான். "தட்டாதீங்க! தட்டாதீங்க!" என்று கத்தினான். எல்லாரும் அதையும் பாசம் என்று சொல்லி இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் வேலிப் பக்கம் போய் வாந்தியெடுத்தேன். ஜுமா அம்மா தண்ணீர் கொண்டுவந்து, "தலைவியம்மா எவ்ளோ பெரிய மனசு, இல்ல?" என்றாள். அவள் முகத்தில் தண்ணீரைக் கொப்பளித்திருப்பேன், கர்த்தர் காப்பாற்றினார்.

கூரை கிடைக்கும் என்கிறார்கள். நல்லது. அக்கோத்தைத் திங்கட்கிழமை பாயில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கோப்பைத் தொட்டி திரும்ப வந்திருந்தது, சிவப்புப் பூச்சும் அப்படியே இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்து அடுப்புக்கல்லில் வைத்துச் சுரண்டினேன். தகரம் கீறி இப்போது பளபளவென்று இருக்கிறது, மற்றவற்றைவிட அழகாக. பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுகின்றன.

ஆனால் ஒபியோ வரவில்லை. நாற்காலியும் இல்லை. செவ்வாயும் இல்லை. இன்றும் இல்லை. ஒடோங்கோ பாயில் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறான், யாராவது அங்கே உட்கார்ந்தால் தள்ளிவிடுகிறான். "ஓபி எங்கடா?" என்றேன். "ஜன்னல்ல சாக்கு போட்டாச்சு அத்தை" என்றான்.

செத்தவன் என்று நாங்கள் பாடினோம், அது எங்கள் முட்டாள்தனம். ஒருநாள் வெளியே எடுத்து, ரிப்பன் கட்டி, கைதட்டல் வாங்கிவிட்டு மறுபடியும் கரி மூட்டையோடு வைத்தீர்களே, இது என்ன? வெள்ளி விளக்கைத் திருவிழாவுக்கு எடுப்பதுபோல. முன்பு உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. இப்போது உங்களை நினைத்தால் என் நாக்கில் கசக்கிறது. இதைத்தான் எழுத வந்தேன்.

இனிக் கடிதம் இல்லை. ஜைத்தூனின் கால் தேய்ந்துவிட்டது. நாளைக் காலை பள்ளி மணிக்கு முன்னால், அக்கோத்தை முதுகில் கட்டிக்கொண்டு உங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பேன். "ஒபியோ அம்மா!" என்று கூப்பிடுவேன். நம் ரயில்வே குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவேன், எனக்கு நல்ல குரல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதவு திறக்கும்வரை கூப்பிடுவேன். நாளை திறக்காவிட்டால் மறுநாள் வருவேன். என்னைச் சங்கத்திலிருந்து நீக்கலாம், தெருவிலிருந்து நீக்க முடியாது.

சலோமே


25 மார்ச், மாலை

சலோமே,

நாற்காலி கனமாக இருக்கும், நீ ஒருத்தியாகத் தூக்க முடியாது. உன் புருஷனைச் சைக்கிளோடு வரச் சொல்.

கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். ஜுமா அம்மாவை நம்பாதே, நீயே கிண்டு.

கேட்டைத் தாழிட மாட்டேன். தள்ளினால் திறக்கும். வாசலில் நின்று கத்தாதே. சத்தம் கேட்டால் அவனுக்கு உடம்பு விறைத்துவிடும்.